வாழைக்கட்டைக்குப் பாடிய பாட்டு

லுலோங் செத்த அன்று காலையிலேயே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது, யார் பாடுவது என்று. ஆற்றின் இந்தப் பக்கம், ஒரே கூரைக்குக் கீழே ஊரே குடியிருக்கும் நீள்வீடுகளில், சாவு விழுந்த இடத்துக்கெல்லாம் போய்ப் பாடியவள் அவள். அவளே செத்துக் கிடந்தால் பாட ஆளுக்கு எங்கே போவது? கீழ்க்கரை வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் ஞானஸ்நானம் வாங்கியபிறகு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு மட்டும்தான் பாடுகிறாள். ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, ஜெபம் வேண்டுமானால் பண்ணித்தருகிறேன் என்றாளாம்.

பாடாமல் புதைக்கக் கூடாது. செத்தவர்களின் ஊரான செபாயானுக்குப் போகிற வழி செத்தவருக்குத் தெரியாது. பாடுகிறவள்தான் பெயர் சொல்லி எழுப்பி, ஏணியில் இறக்கி, துறைக்குக் கூட்டிப்போய், ஒவ்வோர் ஆறாகக் கடத்தி, அந்தக் கரையில் காத்திருக்கும் பெரியவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். ஒப்படைக்காத உயிர் வீட்டு ஏணிக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். மழையில் நனையும், நாயைப் பார்த்துப் பயப்படும்.

லுலோங்கின் புருஷன் ஜாபுவுக்கு எழுபதுக்கு மேல். ஒருவரையும் நம்பாத மனுஷன். மிளகு வாங்கும் வியாபாரியின் தராசை நம்பமாட்டார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை முதலில் நாய்க்குப் போட்டு, நாய் மறுநாளும் குரைத்தால்தான் தான் விழுங்குவார். பாதிரியாரையும் நம்பமாட்டார், ஓட்டு கேட்டு வருகிறவனையும் நம்பமாட்டார். லுலோங் சொன்னால் மட்டும் நம்புவார். அவளை ஏன் நம்பினார் என்று அவரே யோசித்ததில்லை. ஓர் ஆளையாவது நம்பாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

மகள் ரெமியின் புருஷன் வேறு ஆற்றுக்காரன். பழைய சங்கதி எதுவும் தெரியாதவன். அவன்தான் வாயைத் திறந்தான். அத்தை பாடினதைப் பல்கலைக்கழகத்துக்காரங்க டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார்களாமே, அதை வாங்கிவந்து போட்டால் என்ன என்றான். கூடத்தில் உட்கார்ந்திருந்த சனம் பேச்சை நிறுத்தியது. ரெமி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த டேப் சங்கதி ஜாபுவுக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகன் மிங்காட் கட்டை ஏற்றும் கப்பலில் வேலைக்குப் போய், கடலில் விழுந்துவிட்டான் என்று செய்தி வந்ததற்கு மறுவருஷம் நடந்தது அது. அப்போது ஜாபு மேலாற்றில், மரம் வெட்டும் கேம்ப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது லுலோங்தான் சொன்னாள்: பல்கலைக்கழகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் பெட்டியோடு வந்தார், சாவுப்பாட்டைப் பிடிக்கவேண்டும் என்றார், சாவு இல்லாமல் பாடக்கூடாது என்று சொன்னோம், கடைசியில் வாழைக்கட்டை ஒன்றுக்குத் துணி சுற்றிப் பிணம் மாதிரி கிடத்திப் பாடினேன், சீனியும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் போனார். ஜாபு அவளைத் திட்டினார். யார் பெயரைச் சொல்லிப் பாடினாய் என்று கேட்டார். யாருக்கும் இல்லாத பெயர் ஒன்றைச் சொன்னேன் என்றாள். நம்பினார்.

நீள்வீட்டுத் தலைவர் உம்பாங் உடனே, தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். பெரியவர் பிணத்துப் பக்கத்தில் இருக்கட்டும், இந்த வயசில் படகும் பஸ்ஸும் எதற்கு என்றார். ஜாபு வேண்டாமென்றார். உம்பாங் விடவில்லை, இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்டார். படகுக்கூலியில் ஏதோ தேற்றப் பார்க்கிறான் என்று ஜாபு நினைத்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? எவளோ பாடினதைக் கையில குடுத்தா நீ வாங்கிட்டு வந்துடுவ" என்றார்.

உம்பாங் தலை குனிந்துகொண்டார்.

கிளினிக் ஆள் வந்து உடம்புக்கு ஊசி போட்டான். நாலு நாள் தாங்கும் என்றான். ஜாபு தன் கணக்குக்கு ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, விடிகாலைப் படகில் சிபு நகரத்துக்குப் புறப்பட்டார்.

ஆவணக் காப்பகம் என்று பலகை போட்ட அந்த இடம் பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், கேன்டீனை ஒட்டி இருந்தது. உள்ளே மீன் பெட்டி மாதிரிக் குளிர். இரும்பு அலமாரிகளில் டேப்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு. சிசிலியா என்ற பெண்தான் அங்கே பொறுப்பு. பிடாயு இனத்துப் பெண், ஆனால் எங்கள் பேச்சு நன்றாக வந்தது. மனைவி செத்த சேதியைக் கேட்டதும் எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டாள். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்ததையும், தானே ஒரு மாசம் உட்கார்ந்து துடைத்து கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் சொன்னாள். ஏற்றியிராவிட்டால் இந்நேரம் உப்புக்கருவாடு மாதிரி உதிர்ந்துபோயிருக்கும் என்றாள். பிரதி தருவதற்குத் தடையில்லை. குடும்பத்து ஆள் கேட்டு, இது இன்னார் குரல்தான் என்று சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும்.

பாட்டைப் போடுவதற்கு முன் சீட்டைப் படித்துக் காட்டினாள்.

"தாத்தா, இது நடிச்சுக் காட்டினதுன்னு எழுதியிருக்கு. நிஜச் சாவு இல்ல. அதனால தயங்காம கேளுங்க."

காதில் மாட்டும் கருவியை ஜாபு தள்ளிவிட்டார். வெளியே கேட்கிற மாதிரி வைக்கச் சொன்னார்.

முதலில் ஒரு சேவல் கூவியது. யாரோ இருமினார்கள். பிறகு லுலோங் ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து வயதுக் குரல், கரகரப்பு ஏறாத குரல். ஜாபு அதை மறந்தே போயிருந்தார். ஆமாம் அவள்தான் என்று சொல்லிக் கைநாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கட்டைவிரலைக்கூட நீட்டிவிட்டார்.

"எழும்பு மிங்காட், தண்ணி ஏறிடுச்சு, படகு கயித்த இழுக்குது" என்று அவள் பாடினாள்.

தவறிப்போய் வந்த பெயரென்று நினைத்தார். அடுத்த வரியிலும் அதே பெயர் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. பின்னால் ஒரு சின்னப் பெண், "அண்ணா, அண்ணா" என்று கேவினாள். அது ரெமி. அப்போது அவளுக்குப் பாவாடை கட்டத் தெரியாத வயசு. அவளைத் தேற்றிக்கொண்டே கூட அழுதவள் ஜாபுவின் கூடப்பிறந்த அக்கா. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுத ஆம்பிளை உம்பாங். ஒவ்வொரு குரலாக வந்தது. ஒவ்வொன்றும் ஜாபுவுக்குத் தெரிந்தது. வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு கதவு பாக்கியில்லாமல் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர் ஒருவர்தான் இல்லை.

லுலோங் மகனை ஏணியில் இறக்கினாள். துறையில் நிறுத்தினாள். அங்கே பாட்டில் ஒரு தயக்கம் வரும், எல்லாச் சாவுப்பாட்டிலும் உண்டு, போகிற உயிர் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் இடம். பாடுகிறவள் அந்த இடத்தில் தன் சொந்த வார்த்தையைப் போடுவாள்.

"மேலாத்துலருந்து அப்பன் குரல் கேக்கும், மிங்காட்,
திரும்பிப் பாக்காத.
நீ போறது அவருக்குத் தெரியாது,
சொல்ல என் வாய்க்கு வலுவில்ல.
கூப்பிடுவாரு, கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு,
துடுப்பப் போடு, மிங்காட், துடுப்பப் போடு."

நிறுத்து என்று ஜாபு கையைக் காட்டினார்.

கம்பெனி ஆள் வந்து செய்தி சொன்ன நாளிலிருந்து அவர் பிடித்த பிடி இதுதான்: உடம்பைக் காட்டு, நம்புகிறேன். உடம்பு வரவில்லை. கடலில் விழுந்தவன் வேறு கப்பலில் ஏறியிருப்பான், வேறு தேசத்தில் இருப்பான், கம்பெனிக்காரன் பழியைக் கழிக்க ஆயிரம் சொல்வான். துக்கம் காக்கக் கூடாது, பாட்டு கூடாது, அவன் பங்கு நிலத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தினமும் பொழுது சாயும்போது ஏணித் தலைப்பில் நின்று, ஒரு பிடி அரிசியை வீசி, மிங்காட், வீட்டுக்கு வா என்று உயிரைக் கூப்பிடுவார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தால் லுலோங் அடுப்படியில் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்பாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் வழக்கத்தில் பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்தப் பிள்ளை செத்துவிட்டால் அடுத்த பிள்ளையின் பெயருக்கு மாறிவிடுவோம். கேம்ப்பிலிருந்து இறங்கி வந்தபிறகு, மிங்காட் அப்பா என்று வீட்டில் ஒருவரும் அவரை அழைக்கவில்லை. ரெமி அப்பா என்று அழைக்கவும் துணியவில்லை. பெரியவரே, பெரியவரே என்றார்கள். வயசுக்குக் கொடுக்கும் மரியாதை என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

சிசிலியா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, மனைவியை நினைத்து அழுகிறார் என்று எண்ணியிருக்கவேண்டும்.

"நடிப்புன்னாலும் எல்லாரும் எவ்வளவு நல்லா அழறாங்க, இல்ல? வருஷா வருஷம் புதுசா வர்ற மாணவங்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுவோம்."

ஜாபு தம்ளரைக் கீழே வைத்தார். "முழுசாவா?"

"எங்க முழுசா போடறது? துறை வரைக்கும் போடுவோம். அதுக்குள்ள மணி அடிச்சிடும்."

வருஷா வருஷம் அந்தப் பையனை எழுப்பி, ஏணியில் இறக்கி, படகில் ஏற்றி, துறையிலேயே விட்டுவிட்டு இவர்கள் சோற்றுக்குப் போயிருக்கிறார்கள். இவர் ஒரு பக்கம் அரிசி வீசி இழுத்திருக்கிறார். லுலோங் ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறாள்.

"இனிமே போட்டா கடைசி வரைக்கும் போடு. இல்லாட்டி போடாத" என்றார்.

தன் மனைவிக்குத்தான் இந்தப் பாட்டு வேண்டும், இதிலோ வேறு பெயர் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னார். அது யார் பெயர் என்று சொல்லவில்லை. சிசிலியா நல்ல பெண்தான். பெயர் வருகிற இடங்களையெல்லாம் வெட்டியெடுத்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்துத் தருகிறேன், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றாள்.

"வெட்டினா அது யாரை எழுப்பும்?"

"யாரையும் எழுப்பாது, தாத்தா. வெறும் பாட்டா இருக்கும்."

"பேர் சொல்லாம எழும்புன்னு சொன்னா பக்கத்துல இருக்கிறவங்க அத்தனை பேரும் எழும்பிடுவாங்க. வெட்டாத. அப்படியே குடு."

பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அவள் பாட்டைப் பதித்துக் கொடுத்த வட்டத்தகட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத் திரும்பும் படகு இல்லை. படகுத்துறைக் கடைவாசலில் உட்கார்ந்து, மறுநாள் முதல் படகைப் பிடித்தார். வழியெல்லாம் தகடு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. தூக்கி ஆற்றில் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். லுலோங் ஏணிக்கடியில் உட்காருவாள், உட்காரட்டும். இருபது வருஷம் தன்னை ஏமாற்றியவள் கொஞ்சம் நனையட்டும். அப்படி நினைத்தார். நினைத்த பிறகு அவள் நனைவது கண்ணில் வந்து நின்றது. மழை என்றால் அவளுக்கு முழங்கால் வலி வரும். ஆனால் இந்தப் பாட்டைப் போட்டால் மிங்காட் செத்தவன். அதற்குமேல் ஏணியில் நின்று கூப்பிட ஒருவரும் இல்லை. ரஜாங் ஆறு அன்றைக்குச் சேற்றுத் தண்ணீராக ஓடியது, மரக்கட்டைகள் மிதந்து வந்தன. படகோட்டி ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான்.

துறையில் உம்பாங் காத்துக்கொண்டிருந்தார். பையை வாங்கக் கையை நீட்டினார். ஜாபு கொடுக்கவில்லை.

"கிடைச்சுதா, பெரியவரே?"

"கிடைச்சுது. நீ நல்லா அழுதிருக்க."

உம்பாங் படகு கட்டும் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணாடிக்காரர் வந்து கேட்டபோது முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். லுலோங்தான் அன்றைக்குத் தனியாக வந்து, பொம்மைக்குப் பாடுகிறேன் என்று அந்த ஆளிடம் சொல்லிவிடுங்கள், என் பிள்ளைக்குப் பாடிக்கொள்கிறேன், இவர் ஊரில் இல்லாத நேரம் இது ஒன்றுதான் என்றாளாம். வாழைக்கட்டைக்குள் மிங்காட்டின் சட்டையை வைத்துக் கட்டினார்களாம். மறுநாள் படகில் அந்த மனுஷனை அனுப்பிவிட்டு, கட்டையை இடுகாட்டில் புதைத்தார்களாம். ஜாபு கேம்ப்பிலிருந்து இறங்குவதற்குள் துக்கத்தையும் காத்து முடித்துவிட்டார்களாம். பல்கலைக்கழகத்துக்காரருக்கு இன்றுவரை தெரியாதாம்.

"நீங்க சாயங்காலம் நின்னு கூப்பிடுறப்ப எங்க வீட்ல யாரும் சோத்துல கை வைக்கமாட்டோம். கூப்பிட்டு முடியட்டும்னு இருப்போம்" என்றார் உம்பாங்.

ஜாபு அவரைத் தாண்டி ஏணியில் ஏறினார்.

கூடத்தில் நெய்த துணிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு உள்ளே அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஜாபு துணியை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தார். அவர் அவளிடம் ஏதோ சொன்னார், கள்ளி என்ற வார்த்தை மட்டும் ரெமிக்குக் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் ஈரம் எதுவும் இல்லை.

செத்தவருக்கு வைக்கும் சோற்றுத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரெமி நின்றிருந்தாள். ஜாபு அவளைப் பார்த்தார்.

"உங்கண்ணனுக்கும் ஒண்ணு வை."

ரெமி தட்டை வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா, அம்மாதான் சொல்லக்கூடாதுன்னு, என்று ஆரம்பித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் ரெமியின் புருஷன் பெட்டியை இணைத்துத் தகட்டைப் போட்டான். ஒரு வழி கண்டுபிடித்திருந்தார் ஜாபு. யாரையும் கேட்டுச் செய்ததல்ல, யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை. பாட்டில் மிங்காட் என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அம்மாவும் என்று தன் குரலில் சேர்த்தார். எழும்பு மிங்காட், அவன் அம்மாவும். படகில் ஏறு மிங்காட், அவன் அம்மாவும். செத்துக் கிடக்கிறவள் பாடினாள். உயிரோடிருக்கும் புருஷன் வால் மாதிரி அவளுக்குப் பின்னால் போனார். டேப்பில் அழுத குரல்களும் கூடத்தில் அழுத குரல்களும் ஒன்றாகிவிட்டன. பழைய உம்பாங் ஒரு பக்கம் மூக்கைச் சிந்தினார், இப்போதைய உம்பாங் மறுபக்கம் சிந்தினார். அப்பன் குரல் கேட்கும், திரும்பிப் பார்க்காதே என்ற இடம் வந்தபோது எல்லோரும் ஜாபுவைப் பார்த்தார்கள். அந்த இடத்திலும் பெயர் வந்தது. அவர் சேர்க்கவேண்டியதைச் சேர்த்தார். ஒரு பெயரையும் விடவில்லை. கடைசி ஆறு கடப்பதற்குள் குரல் கட்டிப்போய், உதடு மட்டும்தான் அசைந்தது.

விடிந்ததும் புதைத்தார்கள். லுலோங் முன்னமே இடத்தை ரெமியிடம் காட்டி வைத்திருந்தாள். வாழைக்கட்டை புதைத்த இடத்துக்குப் பக்கம். அங்கே பெயர் இல்லாமல் ஒரு மேடு இருந்தது. பன்றி தோண்டிய மேடு என்று நினைத்து ஜாபு எத்தனையோ தடவை அதைத் தாண்டி நடந்திருக்கிறார். மகனுடைய பங்கு நிலத்தை ரெமிக்குக் கொடுப்பதாக அங்கேயே சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

துக்கம் முடிந்த மறுநாள் பாயையும் பானையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மிளகுத் தோட்டத்துக் குடிசைக்குப் போய்விட்டார். மகள் போய் அழைத்தாள், மருமகன் போய் அழைத்தான். அக்கா நடக்கமாட்டாதவள், ஆள் தூக்கிப் போய் அழைத்தாள். வரவில்லை. சண்டை போடவும் இல்லை. களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் உம்பாங் போனார். குடிசைக்குக் கீழே கரையில் படகைக் கட்டிவிட்டு, புகையிலையை எடுத்து நீட்டினார். ஜாபு வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் வெகுநேரம் மிளகு விலையைப் பேசினார்கள். அந்த வருஷம் விலை மோசம். பிறகு உம்பாங் சொன்னார்:

"கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல. பாவம், மனசு உடைஞ்சுபோயிடுவீங்கன்னுதான்."

ஜாபு கொடியைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"பாவம்னு நினைச்சீங்கள்ல. அத்தனை கதவுல ஒருத்தன் என்கிட்ட வந்து, உன் மகன் செத்துட்டான்டான்னு சொல்லியிருக்கலாம். அடிச்சிருப்பேன். அவ்வளவுதானே?"

அறுவடைக்காவது வீட்டுக்கு வாருங்கள் என்று உம்பாங் கேட்டார். என் பங்கு நெல்லை இங்கே அனுப்பிவிடு என்றார் ஜாபு.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. ஜாபு போய் விறகை இழுத்துவிட்டு, ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தார். உம்பாங் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். ஜாபு அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை.